இப்ப காணுமோ?

யாழ்ப்பாணத்து வீடுகளில் பிறந்தநாளுக்கு அடிக்கிற பட்டர் கேக்கின் அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு இறாத்தல் பட்டர், ஒரு இறாத்தல் சீனி, ஒரு இறாத்தல் கோதுமை மா, எட்டிலிருந்து பத்து முட்டை, கொஞ்சம் பேக்கிங் பவுடர், வனிலா. கிலோக் கணக்கு வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கேக்குக்கு மட்டும் நாங்கள் இறாத்தலை விடவில்லை. அந்தக் கணக்கில் நியாயமும் இருக்கிறது. ஒரு இறாத்தல் 454 கிராம். கோது நீக்கிய முட்டை ஒன்று ஏறக்குறைய 50 கிராம். ஒன்பது முட்டை உடைத்தால் அதுவும் ஒரு இறாத்தல். நான்கும் சம எடை. இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டுச் சமையல் புத்தகங்களிலேயே இந்தக் கணக்கு உண்டு.

அளவு எல்லா வீட்டிலும் ஒன்றாயிருக்க, கேக் மட்டும் வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஒரு வீட்டுக் கேக் வாயில் வைத்ததும் கரையும். இன்னொரு வீட்டில் அதே சாமான்கள் இறுகிப்போய்த் தேத்தண்ணீர் இல்லாமல் இறங்காது. எவ்வளவு போடுவது என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். எந்த இடத்தில் கையை நிறுத்துவது என்பதை எழுதிக் கொடுக்க முடியாது. பிறந்தநாள் கேக்கை வீட்டில் செய்கிற வழக்கத்தை விட்டுவிடக் கூடாது என்று நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான். அந்த நிறுத்தம் கைக்குக் கையாகத்தான் வரும். அதைக் கற்றுக்கொடுக்க ஆண்டுக்கொருமுறை தவறாமல் வருகிற நாள் பிறந்தநாள்.

கேக்கின் பாதி விதி பட்டரும் சீனியும் சேர்கிற இடத்திலேயே முடிவாகிவிடும். சீனிப் பரலின் விளிம்புகள் பட்டரைக் கீறிக்கொண்டு போகும்போது காற்று உள்ளே சிக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குமிழிகள்தான் பிறகு சூட்டில் விரிந்து கேக்கை உயர்த்துகின்றன. பேக்கிங் பவுடர் புதுக் குமிழி உண்டாக்குவதில்லை. இருக்கிற குமிழிகளைப் பெருக்க வைக்கும், அவ்வளவுதான். 1843இல் ஆங்கிலேயரான அல்பிரட் பேர்ட், ஈஸ்டும் முட்டையும் ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் செய்த தூள் அது. தூள் இருக்கிறதே என்று அடிக்கிற நேரத்தைக் குறைத்தால், வெட்டும்போது தெரிந்துவிடும்: அடி கனத்திருக்கும், உள்ளே இழை நெருக்கமாகிப் பிசுபிசுக்கும்.

கடைச் சீனியின் பரல் பெரிது. அப்படியே போட்டால் கரையாமல் கேக்கின் மேலே புள்ளி புள்ளியாக நிற்கும். மாவாக அரைத்துவிட்டால் பட்டரைக் கீற விளிம்பு இராது. ஆகவே கிரைண்டரில் ஒரு சுற்று விட்டு, விரலிடையில் இன்னும் நெருடும்போதே எடுத்துவிட வேண்டும். பட்டருக்கும் ஒரு நிலை உண்டு. அது காற்றை நன்றாகப் பிடிப்பது 18 முதல் 21 பாகை செல்சியஸ் வரை. சித்திரை மாதத்துப் பகலில் எங்கள் குசினி 30 பாகையைத் தாண்டிவிடும். அதற்குச் சற்று மேலே போனால் பட்டர் உருகத் தொடங்கும், உருகிய பட்டரில் காற்று தங்காது. இந்த எண்கள் எதுவும் தெரியாமலே என் அம்மம்மா விடிய முன்னம் எழுந்துதான் கேக் அடிப்பார். வெயில் ஏறிவிட்டால், கிணற்றுத் தண்ணீர் நிரப்பிய அகன்ற சட்டிக்குள் பாத்திரத்தை இறக்கி வைத்துக்கொள்வார்.

மரக்கரண்டியும் கையும்தான் அவரது இயந்திரம். மஞ்சளாக இருந்த கலவை மெல்ல வெளுக்கும். கரண்டியை இழுக்கிற பாரம் குறையும். முதலில் பாத்திரத்தின் விளிம்பில் கரகரவென்று கேட்ட சீனியின் சத்தம் தணிந்துகொண்டே போகும். கை உளைந்தவுடன் நான் கேட்பேன்: “அம்மம்மா, இப்ப காணுமோ?” அவர் பாத்திரத்தைப் பார்க்கமாட்டார். “நீ சொல்லு பிள்ளை, காணுமோ?” என்று என்னைத்தான் பார்ப்பார். நான் நிறத்தைப் பார்த்து, விரலால் தொட்டு, நக்கிப் பார்த்துச் சொல்லவேண்டும். அம்மாவும் அவரிடம் இப்படித்தான் பழகினார். இந்தக் குடும்பத்தில் கேக் கற்பித்தல் என்பது கேள்வியைக் கேட்டவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான். அதைவிடச் சிறந்த முறை ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை.

முட்டையை ஒவ்வொன்றாக விடவேண்டும். பட்டரின் கொழுப்பும் முட்டையின் நீரும் ஒன்றோடொன்று இணங்குவதற்கு அவகாசம் வேண்டும். அவசரப்பட்டாலோ, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு விட்டாலோ கலவை திரிந்துபோகும். திரியத் தொடங்கினால் ஒரு கரண்டி மா தூவி அடித்தால் திரும்பக் கூடிவரும். மா சேர்க்கும்போது இதுவரை பழகிய கையை மாற்றவேண்டும். அடித்தால் மாவிலுள்ள புரதம் இழுபட்டு இறுகிவிடும். கீழிருந்து மேலாகப் புரட்டி, வெள்ளை மா கண்ணில் படாத கணத்தில் விடவேண்டும். நெடுநேரம் பாடுபட்ட கைக்கு இந்த நிறுத்தம்தான் மிகக் கடினம். பிள்ளைகள் “இன்னும் கொஞ்சம்” என்று கேட்பதும் இந்த இடத்தில்தான்.

சூடு அடுத்த பாடம். 1990இல் போரினால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. எத்தனையோ சாமான்கள் வருவதும் தடைப்பட்டது. பட்டர் கிடைக்காத நாளில் மாஜரின் வந்தது, அவண் இருந்தவர்களுக்கும் அது வெறும் பெட்டியாகிவிட்டது. பிறந்தநாள்கள் மட்டும் வராமல் இருக்கவில்லை. பெரிய பாத்திரத்தில் மணல் பரப்பி, கல் வைத்து, அதன்மேல் கேக் தட்டை ஏற்றி, வாயைத் தகரத்தால் மூடி, கீழேயும் தகரத்தின் மேலேயும் சிரட்டைத் தணல் போட்டு வேகவைத்தார்கள். கீழே தணல் குறைவாகவும் மேலே கூடவும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அடி கருகி நடு பச்சையாக நிற்கும். உள்ளே ஒரு துண்டு வெள்ளைக் கடதாசியைப் போட்டு, அது எவ்வளவு விரைவாகப் பழுப்பாகிறது என்று பார்த்துச் சூட்டை அறிவார்கள். இன்று 160 பாகையில் முள்ளைத் திருப்பிவிடுகிறேன். ஆனாலும் கடைசியில் தென்னோலை ஈர்க்கு ஒன்றைக் குத்தி, ஈரமில்லாமல் வருகிறதா என்றுதான் பார்க்கிறேன். ஒரே மாதிரி இரண்டு அவண்கள்கூட ஒரே மாதிரிச் சுடுவதில்லை.

சின்னப் பிள்ளையின் பிறந்தநாள் என்றால் ரிபன் கேக். கலவையைப் பிரித்து ரோசா, பச்சை என்று நிறம் சேர்த்து, தனித்தனியே வேகவைத்து, பட்டர் ஐசிங்கால் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டுவோம். முதல் நாளே வேகவைத்துவிட வேண்டும். ஒரு இரவு இருந்தால் ஈரம் எங்கும் சமமாகப் பரவும், துண்டு உதிராமல் வெட்டுப்படும். நன்றாக ஆறாத கேக்கில் ஐசிங் நிற்காது. பொறுத்திருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு வேலை.

என் அக்கா ரொறொன்ரோவில் இருக்கிறார். அங்கே பட்டர்க் கட்டி இன்னமும் 454 கிராமிலேயே விற்கப்படுகிறது. எங்கள் இறாத்தல் கணக்குக்கு அப்படியே பொருந்தும். அதற்கப்பால் எல்லாமே தலைகீழ். இங்கே பட்டர் உருகுவது தொல்லை, அங்கே மாரி காலத்தில் அது இளகுவதே தொல்லை. மாவின் தன்மை வேறு, பட்டரின் மணம் வேறு, அவண் வேறு. அம்மம்மாவின் குறிப்பை அப்படியே பின்பற்றியிருந்தால் அவரது கேக் வந்திருக்காது. வெளுக்கிற நிறமும் தணிகிற சத்தமும் அக்காவுக்குத் தெரியும், அதனால் வருகிறது. இயந்திரத்தில் அடித்தாலும் அவர் நேரத்தைப் பார்ப்பதில்லை, பாத்திரத்தைத்தான் பார்க்கிறார். இடம்பெயர்ந்தும் கடல் கடந்தும் போன ஒரு சமூகத்துக்கு, சாமான் மாறினாலும் செல்லுபடியாகிற அறிவுதான் சொத்து.

கடைக் கேக்கின் மேல் எனக்குப் பகையில்லை. அழகாக இருக்கும், நேரத்துக்கு வரும். வேலைக்குப் போகிற தாய்க்கு அது ஆறுதல் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தொடர்ந்து சில ஆண்டுகள் வாங்கிப் பழகிவிட்டால், ஒரு பிள்ளை தன் கையால் நிறுத்திப் பார்க்கிற சந்தர்ப்பம் அந்த வீட்டில் இல்லாமல் போகிறது. கேட்பதற்கு ஆள் இருக்கும்போது கேட்கப்படாத கேள்வி, பிறகு யாரிடம் போகும்?

அதனால் பிள்ளைக்குத் தெரியாமல் கேக் செய்து வைத்து ஆச்சரியப்படுத்துவதை நான் விரும்புவதில்லை. பிறந்தநாளுக்குரிய பிள்ளையையே எழுப்பிக் குசினிக்குக் கூட்டிவாருங்கள். நான்கு வயதுப் பிள்ளை தட்டுக்கு ஒயில் பேப்பர் விரிக்கும். ஏழு வயதில் முட்டை உடைக்கும். பத்து வயதில் கரண்டியைப் பிடிக்கும். கை உளைந்ததும் உங்களைப் பார்த்து, காணுமோ என்று கேட்கும். பதிலைச் சொல்லிவிடாதீர்கள். அது தன் கண்ணாலும் விரலாலும் தேடிச் சொல்லட்டும். கொஞ்சம் முன்னதாகவே நிறுத்தினாலும் அந்த ஆண்டுக் கேக் அப்படியே இருக்கட்டும். அடுத்த பிறந்தநாளுக்கு அந்தக் கை இன்னும் சரியான இடத்தில் நிற்கும்.