எந்தத் தீவுக்குப் போவது?

சுழியோடுதல் ஆசிரியத் தொழிலுக்கு ஒத்த பொழுதுபோக்கன்று என்பது எம் இல்லாளின் உறுதியான கருத்து. சங்கு குளிப்போரும் கடலட்டை பிடிப்போரும் வயிற்றுப்பாட்டுக்காகச் செய்வதை நாற்பதைக் கடந்த பட்டதாரி ஒருவர் காசு கொடுத்துச் செய்வானேன் என்று அவர் கேட்பார். கேள்வி நியாயமானதே, இன்றுவரை அதற்குத் தக்க விடை எம்மிடம் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், பாடசாலை விடுமுறையொன்றில் நிலாவெளிக்குச் சென்று, புறாத்தீவின் பவளப் பாறைகளிடையே முதன்முறையாக நீருக்கடியில் மூச்சு விட்டோம். கருமுனைச் சுறாக்கள் இரண்டு எம்மைப் பொருட்படுத்தாது கடந்து சென்றன. அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை.

அப்பித்து எம்மளவில் நின்றிருந்தால் இதனை எழுத நேர்ந்திராது. எம் மூத்த சகோதரர் 1995 முதல் ரொறன்ரோவில் வாழ்கின்றார். பருத்தித்துறைக் கடலிற் கழுத்தளவு நீரில் எம்மைத் தள்ளிவிட்டு நீந்தப் பழக்கியவர் அவரே. சுழியோடுவதிலும் எம்மினும் தேர்ந்தவர். 2022 டிசெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்து முடிந்ததும் சற்றுத் தாமதித்து, "தம்பி, எனக்கு மங்கல் வெளிச்சத்திலே கண் தெரியிறது குறைஞ்சு போச்சு. பக்கப் பார்வையும் வருஷா வருஷம் சுருங்குதெண்டு டொக்டர் சொல்லுறார். அதுக்குள்ளே கடலிலே பெரிய மிருகங்களை ஒருக்காலெண்டாலும் பார்த்திட வேணும். நீயும் வா, செலவு என்னோடை. எந்தத் தீவுக்குப் போறதெண்டு நீ படிச்சுச் சொல்லு. நீ வாத்தியார் எல்லோ?" என்றார்.

அவர் குறிப்பிட்ட செலவு எம் ஓராண்டுச் சம்பளத்தை விஞ்சியது. எனினும் அன்று எம்மை வருத்தியது அந்தக் கணக்கன்று.

மாணவர் பரீட்சைக்குப் படிப்பது போல மூன்று மாதம் படித்தோம். பெருஞ்சுறாக்களையும் திருக்கைகளையும் திரளாகக் காண விழைவோர் நாடும் இடங்களுட் பேர்பெற்றவை கிழக்குப் பசுபிக்கில் உள்ளன: எக்குவடோரின் கலாபாகஸ், கொஸ்தாரிக்காவின் கொக்கோஸ், கொலம்பியாவின் மல்பெலோ, மெக்சிக்கோவின் ரெவில்லாஹிஹெடோ. நான்கும் ஆழ்கடலின் அடியிலிருந்து எழுந்த எரிமலைகளின் முடிகள். ஓடிவரும் நீரோட்டம் அம்மலைகளில் மோதி, அடியிற் கிடக்கும் சத்துள்ள குளிர்நீரை மேலே தள்ளுகிறது. அந்நீரில் நுண்ணுயிர்கள் பெருக, அவற்றை நாடிச் சிறுமீனும், சிறுமீனை நாடிப் பெருமீனும் வருகின்றன. அன்றியும், பெருமீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் சிறுமீன்கள் அங்குள்ள பாறைகளிற் குடியிருக்கின்றன. ஊர்ச் சந்தியில் உள்ள முடிதிருத்தும் நிலையம் போல, சுறாக்கள் அங்கே வந்து வரிசையில் நிற்கின்றனவாம்.

மல்பெலோவை முதலிலேயே தள்ளிவிட்டோம். கரையிலிருந்து 500 கிலோமீற்றர் அளவில், நடுக்கடலில் நிற்கும் மொட்டைப் பாறை அது. அங்கு செல்ல அனுமதி பெறுவது எளிதன்று. செல்லும் கப்பல்களும் மிகச் சில.

கலாபாகஸ் எம்மை நெடுநாள் மயக்கிற்று. விலங்கியல் படித்த எவருக்குத்தான் அப்பெயர் மயக்கம் தராது? 1835 இல் டார்வின் கால் வைத்த தீவுகளல்லவா! கடலிற் குளித்துப் பாசி மேயும் உடும்பினங்கள் உலகில் வேறெங்கும் இல்லை. ஆனாற் பெருமீன்கள் கூடுவது அத்தீவுக் கூட்டத்தின் வட கோடியில், டார்வின், வூல்ஃப் என்னும் இரு சிறு தீவுகளின் அருகில். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே திமிங்கிலச் சுறாக்கள் வருகின்றன. பெரும்பாலும் பருத்த வயிறுடைய பெண் சுறாக்கள். அவ்விடத்துக்கு அடையாளமாய் நின்ற கல் வளைவு 2021 மே 17 ஆம் நாள் தானே இடிந்து வீழ்ந்தது. இப்பொழுது இரு தூண்களே மிச்சம். ஓகஸ்ட் விடுமுறைக்கும் பொருந்தும் என்று மகிழ்ந்திருந்தோம். அங்கு சென்று வந்தோரின் குறிப்புகளைப் படிக்கப் படிக்க மகிழ்ச்சி குறைந்தது. நீரோட்டம் கொடியது. பாறையை இறுகப் பற்றிக்கொண்டு காத்திருந்து, சுறா தோன்றியதும் கையை விட்டு நீலவெளிக்குள் பாய வேண்டும். கூட வந்தவர் எப்பக்கம் போனார் என்று கடைக்கண்ணாற் கவனித்தபடியே நீந்த வேண்டும். கடைக்கண் இல்லாதவர் என் செய்வார்?

அண்ணரின் உள்ளமோ கொக்கோசிலேயே கிடந்தது. நம் கடற்கரை மக்கள் கொம்பன் சுறா என்று வழங்கும் சம்மட்டித்தலைச் சுறாக்கள் அங்கே நூற்றுக்கணக்கிற் கூட்டமாகத் திரிகின்றன. பகலிற் கடலடிக் குன்றுகளைச் சுற்றிக் கூடி நின்று, இரவில் இரை தேடத் தனித்தனியே கலைந்து போவது அவற்றின் வழக்கம். அவ்வினம் பெரிதும் அழிந்து, மிகவும் அருகிவரும் இனமென 2019 இற் பட்டியலிடப்பட்டது. புந்தாரெனாஸ் துறையிலிருந்து 550 கிலோமீற்றர். கப்பலில் ஒன்றரை நாள். காவலரன்றிக் குடிகள் இல்லை. புதையல் இருக்கிறதென்று நம்பிக் கிஸ்லர் என்னும் ஜெர்மானியர் 1889 முதல் 1908 வரை, இடையிடையே வெளியேறினும், அங்கே தங்கி மண்ணைத் தோண்டினார். கண்டெடுத்தவை சில பொற்காசுகளே. (எம் கல்லூரியிற் காலையும் மாலையும் தனியார் வகுப்புக்கு ஓடும் மாணவரைக் காணுந்தோறும் எமக்கு அவர் நினைவு வருவதுண்டு.)

கொக்கோசுக்கு எதிராக இரண்டு நின்றன. ஒன்று, 2017 நவம்பரிற் புலிச்சுறா ஒன்று அங்கே சுழியோடிய அமெரிக்கப் பெண்ணொருவரைக் கடித்துக் கொன்ற செய்தி. இதனை வீட்டில் மறைத்து வைத்திருந்தோம். எம் மகள் தேடிக் கண்டுபிடித்துத் தாயிடம் ஒப்படைத்துவிட்டாள். அத்தகைய நிகழ்ச்சி மிக அரிது என்று நாம் கூறிய விளக்கம் எடுபடவில்லை. ஆயினும் எம்மைத் தடுத்தது இரண்டாவதே. கொம்பன் சுறாக்கள் மிகுதியாகத் திரளும் மாதங்கள் அங்கே மழை மாதங்கள். வானம் இருண்டிருக்கும், கடலும் கலங்கியிருக்கும். நாம் விடும் மூச்சுக் குமிழிகளுக்கு அஞ்சி அச்சுறாக்கள் எட்டவே நிற்கும். அவற்றைக் காண 30 மீற்றர் ஆழத்திற் பாறையோடு பாறையாய் ஒளிந்திருக்க வேண்டும். மங்கிய ஒளியிற் கண் தெரியாதவருக்கு இது என்ன பயன் தரும்? நல்ல வெளிச்சத்தில், கையெட்டும் தூரத்தில் துணை இருந்தாலன்றி நீரில் இறங்கலாகாது என்று வைத்தியரும் வரையறுத்திருந்தார்.

எஞ்சியது மெக்சிக்கோத் தீவு. கபோ சன் லூக்கஸ் துறைக்குத் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஒரு நாள் கப்பற் பயணம். 2017 முதல் அது தேசியப் பூங்கா. சுற்றியுள்ள 148,000 சதுர கிலோமீற்றர் கடலில் மீன்பிடிக்கத் தடை. நவம்பர் முதல் மே வரை காலம். நீர் பெரும்பாலும் தெளிவு. அங்குள்ள யானைத் திருக்கைகள் மனிதரைக் கண்டு விலகுவதில்லை. குமிழிகளைத் தேடி வந்து தலைக்குமேல் வட்டமிடுகின்றன. கனடா விசா உள்ள எமது கடவுச்சீட்டுக்கு அந்நாட்டில் வேறு விசாவும் வேண்டியிருக்கவில்லை.

நாம் இவற்றை ஒரு ஞாயிறு முழுவதும் எடுத்துரைத்தோம். அண்ணர் குறுக்கே பேசாது கேட்டார்.

"எல்லாம் சரி, தம்பி. ஆனால் உந்தத் திருக்கையைக் கிட்டத்திலே கண்டாலும் என்ரை கண்ணுக்குள்ளே ஒரு துண்டுதானே அடங்கும்? தூரத்திலே நிக்கிற சுறாக் கூட்டமெண்டால் முழுசாய் அடங்கும்."

நாம் மூன்று மாதம் படித்தும் இதனை எண்ணவில்லை. சிறிது நேரம் வாய் திறவாதிருந்தோம். பின், வெளிச்சம் இல்லாவிடிற் கூட்டமும் தெரியாதே என்றோம். "அதுவும் மெய்தான்" என்றார். பணம் கட்டப்பட்டது.

2024 பெப்ரவரியில், ஊதியமற்ற விடுப்பில், சென்றோம். அண்ணரின் இடப்புறத்தே கையெட்டும் தூரத்தில் நீந்துவது எம் பணி. இடத்தோளை ஒருமுறை தட்டினால் இடப்பக்கம் பார்; இருமுறை தட்டினால் மேலே பார். 1952 இல் எரிமலை வெடித்த சன் பெனடிக்டோ தீவின் அருகே, இரண்டாம் நாட் காலை, எமக்குக் கீழிருந்து கரியதொன்று எழுந்து வந்தது. இரு கைகளையும் விரித்து அளந்தால் மும்மடங்கு இருக்கும். தோளை ஒருமுறை தட்டினோம். உடனே இருமுறை தட்ட நேர்ந்தது. அண்ணர் தலையை மெல்லத் திருப்பி, ஒரு சிறகின் நுனியிலிருந்து மறு சிறகின் நுனிவரை, ஓலைச்சுவடி படிப்பவர் போல அதனைப் பார்த்துக்கொண்டு போனார். செம்மஞ்சள் நிறச் சிறுமீன்கள் அதன் வயிற்றைக் கொத்திக்கொண்டிருந்தன.

கப்பலில் ஏறியதும், "எத்தனை வந்தது?" என்று கேட்டார்.

"ஒன்றுதான், ஆறு தரம் வந்தது."

"எனக்கு ஆறு தரமும் வேற வேற துண்டு" என்றவர், குறிப்புப் புத்தகத்தை வாங்கி அதன் வயிற்றுப் புள்ளிகளை வரைந்தார். அப்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். அவற்றைக் கொண்டே ஆய்வாளர் தனித் தனியே இனங்காண்கின்றனர். எமது நினைவை அவர் இரு இடங்களிற் திருத்தினார்.

நான்காம் நாள், குருவி எச்சத்தால் வெளுத்த றோக்கா பார்த்திதா என்னும் பாறையருகே, வழிகாட்டி தம் முட்டிகளைத் தலையின் இருபுறமும் வைத்துக் காட்டினார். கீழே, ஆழத்தின் இருளில், கொம்பன் சுறாக்கள் பத்துப் பன்னிரண்டு சாம்பல் நிழல்களாய்ப் போயின. அண்ணரின் தோளைத் தட்டினோம். அவர் பார்த்தார், மீண்டும் பார்த்தார், கையை விரித்தார்.

அன்று இரவு உணவின்போது, "நீ கண்டனீயோ?" என்று கேட்டார். கண்டோம் என்றோம். "எத்தனை?" பத்துக்கு மேல் என்றோம். பொய் சொல்லியிருக்கலாம், சொல்ல வாய் வரவில்லை.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி மணி அடித்தது. எம் மகளின் படிப்பை விசாரித்தார். மழை பெய்ததோ என்று கேட்டார். பிறகு, கொக்கோஸ் தீவிற் கடல் தெளிந்து, வெயிலும் எறித்து, கொம்பன் சுறாக்களும் சிலவாயினும் நிற்கும் மாதம் எதுவென்று பார்த்துச் சொல்லும்படி பணித்தார்.