கணக்கப்பிள்ளையுடன் புறக்கோட்டையில்

கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்தில் வந்திறங்கும் யாழ்ப்பாணத்தவருட் பெரும்பாலார் புறக்கோட்டையை ஒரு வழியாகக் கருதுவரேயன்றி ஓர் ஊராகக் கருதுவதில்லை. பஸ் ஏறுவதற்கும், கலியாணத்துக்குக் கூறைச்சேலையும் தாலிக்கொடியும் வாங்குவதற்கும் அஃது உதவுகின்றது. அவ்வளவோடு நம் பழக்கம் நின்றுவிடுகின்றது. அவ்விடத்தை நின்று நிதானித்துப் பார்க்க வேண்டுமாயின், அங்கேயே காலம் கழித்த ஒருவர் துணை வேண்டும். எனக்கு அவ்வாறு வாய்த்தவர் ஒரு கணக்கப்பிள்ளை. தீவகத்திற் பிறந்து, 1964 ஆம் ஆண்டில், பதினாறாம் வயதில், நாலாம் குறுக்குத் தெருவிலுள்ள மொத்த வியாபாரக் கடையொன்றுக்கு வேலைக்கு வந்தவர். இன்றும் வேட்டியும் குடையுமாகவே நடக்கின்றார்.

புகையிரத நிலைய வாசலிலேயே அவர் பாடம் தொடங்கிற்று. ஆங்கிலேயர் ‘பெற்றா’ என்று வழங்கியது நமது ‘பேட்டை’ என்னும் சொல்லேயாம். நம் சொல்லை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாம் புறக்கோட்டை என்கின்றோம். சிங்கள மக்களும் அதே பொருள்படப் ‘பிட்டகொட்டுவ’ என்கின்றனர். கோட்டைச் சுவர்களை ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடித்துத் தள்ளினர். “கோட்டை போய்விட்டது, தம்பி, புறக்கோட்டை தான் மிச்சம்” என்று சொல்லி அவர் நடையைக் கட்டினார்.

பிரதான வீதியின் முகப்பில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம், பம்பாயிலிருந்து வந்து தொழில் நடத்திய கான் என்னும் பார்சிக் குடும்பத்தார் தம் தந்தையார் நினைவாக 1923 இல் எழுப்பியது. அதனைக் கடந்து இரண்டாம் குறுக்குத் தெருவிற் புகுந்தால், செம்மையும் வெண்மையும் மாறிமாறி வரியிட்ட பள்ளிவாசல் எதிர்ப்படும். சம்மாங்கோட்டுப் பள்ளி என்பது ஊர்வழக்கு. 1908 இல் தொடங்கி 1909 இல் முடிந்த அக்கட்டடத்துக்குத் திட்டம் வகுத்தவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை என்பவர். மாதுளம்பழம் போன்ற அதன் குவிமாடங்களைக் கடலில் வரும் மாலுமிகள் துறைமுகத்துக்கு அடையாளமாகக் கொண்டனராம். பிறின்ஸ் வீதியில், தூண்கள் தாங்கிய தாழ்வாரத்துடன் உள்ளது ஒல்லாந்தர் வீடு. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலே தேசாதிபதி தோமஸ் வான் றீயின் காலத்திற் கட்டப்பெற்ற அது, பின்னர் மருத்துவமனையாகி, தபாற் கந்தோராகி, 1982 இல் நூதனசாலையாயிற்று. என் வழிகாட்டிக்கு அதில் அத்துணை ஈடுபாடில்லை. தபாற் கந்தோராயிருந்த காலத்தில் ஊருக்கு மணியோடர் அனுப்ப வரிசையில் நின்றதையே அவர் நினைவுகூர்ந்தார்.

“தெருப் பலகையைப் பாராதேயும், மணத்தைப் பாரும்” என்றார். உண்மையே. புதுத்துணியின் கஞ்சி மணம் நின்று செத்தல் மிளகாய் நெடி தும்மலை எழுப்பியபோது நாலாம் குறுக்குத் தெரு வந்துவிட்டதென்று நானே அறிந்துகொண்டேன். ஒருவகைப் பண்டத்துக்கு ஒரு தெரு என்னும் ஒழுங்கு இங்கே இன்னும் முற்றாகக் குலையவில்லை. சற்று அப்பால் கேபோஸ் ஒழுங்கையில் வேரும் பட்டையும் உலர்ந்த நெல்லியுமாக நாட்டுமருந்துக் கடைகள். நாட்டாமிகள் மூடை ஏற்றிய கைவண்டிகளைத் தள்ளிக்கொண்டு, வழிவிடும்படி மூன்று பாஷைகளிலும் கூவுகின்றனர். யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் செத்தல் மிளகாயும் லொறிகளில் வந்திறங்கியதும், அவற்றின் விலை தீர்ந்ததும் இத்தெருவிலேதான். நம்மிற் பலருடைய கல்லூரிச் சம்பளம் இங்கிருந்து புறப்பட்ட பணமே என்று சொன்னால் மிகையாகாது.

இத்தெருவில் ஓரிடத்தில் அவர் நின்றார். நான்கு மாடிக் கட்டடமொன்றைக் காட்டி, “இதிலேதான் நம் கடை இருந்தது” என்றார். 1983 யூலை 25 ஆம் திகதி அது எரிக்கப்பட்டது. உடுத்த வேட்டியுடன் அகதி முகாமுக்கும், பின்னர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்கும் சென்ற அவர், ஊரில் இருந்துகொண்டு ஒரு காரியம் செய்தார். பேரேடும் நாளேடும் சாம்பலாகிவிட்டமையால், எவர் எவ்வளவு தரவேண்டும் என்பதை அப்பியாசக் கொப்பியொன்றில் நினைவிலிருந்தே எழுதினார். எட்டு மாதங்களின் பின் திரும்பிவந்து, அக்கொப்பியுடன் கடை கடையாக ஏறி இறங்கினார். முதலாளி கடல் கடந்து போய்விட்டார். ஆயினும் கணக்கு முடிக்கப்படவேண்டுமல்லவா?

குருநாகலிலிருந்து சரக்கெடுக்கும் சிங்கள வியாபாரியொருவர் தம் பெயருக்கெதிரே இருந்த தொகையைப் பார்த்து, இருநூறு ரூபா குறைத்து எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லி, அதனையும் சேர்த்துக் கொடுத்தாராம். நம்மவர் ஒருவரோ, “ஏட்டைக் காட்டும்” என்றாராம். இதைச் சொல்லும்போது அவர் குரலிற் கோபம் இருக்கவில்லை. அக்கொப்பி இன்னும் அவரிடம் உண்டு. நான்கு பெயர்கள் மாத்திரம் கோடிழுக்கப்படாமல் இருக்கின்றன. வாங்கிய பணம் முழுவதையும் முதலாளிக்கு அனுப்பிவிட்டு, அடுத்த தெருவில் ஒரு முஸ்லிம் வர்த்தகரிடம் கணக்கெழுத அமர்ந்தார். முப்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். எரித்த ஊருக்கு ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டேன். “ஊர் எரிக்கேல்லை, தம்பி, ஆக்கள் எரிச்சவை” என்றார். அவ்விடையை நான் முழுவதும் ஏற்றுக்கொண்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவருக்கே உண்டு, எனக்கில்லை.

கெய்மன் வாசலில் ஒரு பழைய மணி தொங்குகின்றது. போர்த்துக்கேயர் கோட்டே இராசதானியிற் கட்டிய தேவாலயத்துக்குரியது அது என்பர். முதலையைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லே ‘கெய்மன்’. அருகே 1873 இற் கட்டிய பழைய நகரமண்டபம். 1928 இல் மாநகரசபை கறுவாத்தோட்டத்துக்குப் பெயர்ந்தபின், வெங்காயக் கடைகளே அதற்கு அயலாயின.

அங்கிருந்து செட்டியார் தெரு. ஆங்கிலத்தில் அதற்குக் கடற்தெரு என்று பொருள்படும் பெயர். நமக்கோ அங்கு வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டையார் நினைவே நிலைத்துவிட்டது. நகைக்கடைகளின் நடுவே, ஆடிவேல் விழாவுக்குத் தேர் புறப்படும் கதிரேசன் கோயில்கள். விரைவாகவே அவற்றை வணங்கிச் சென்றோம், வெயில் ஏறிவிட்டது.

கொச்சிக்கடையிலுள்ள பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை அடைந்தபோது நடை சாத்தியிருந்தனர். பொன்னம்பல முதலியார் எடுப்பித்த கோயிலை அவர் புதல்வர் சேர். பொன். இராமநாதன் 1907 முதல் 1912 வரை முழுவதும் கருங்கல்லாற் புதுக்கினார். வெளியே நிழலிற் சற்று இருந்தோம். “வெள்ளிக்கிழமை பின்னேரம் வாரும், அந்தத் தூண்களை விளக்கு வெளிச்சத்திலே பார்க்கவேணும்” என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு அவர் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தார்.