இன்றிரவு எங்கே கூத்து?

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றை எடுத்து எழுதுவதே தமிழாசிரியனுக்குத் தகும் என முதலில் எண்ணினேன். ஆயினும், எம் மாணவர் சிலரும் யானும் 2023ஆம் ஆண்டு முதல் செய்துவரும் ஒரு சிறு பணியைப் பற்றிக் கூறுதலே பழைய மாணவர்க்குப் பயன்படும் எனத் துணிந்தேன். எம் சுற்றுவட்டாரத்தில் நிகழும் கூத்து, நாடகம், இசைக் கச்சேரி, நடன அரங்கேற்றம், ஓவியக் காட்சி ஆகியன எங்கே, எப்போது நடைபெறும் என்பதை எவரும் அறிந்துகொள்ள உதவும் இணையத்தளம் ஒன்றை அமைத்ததே அப்பணி.

இதற்கு வித்திட்டது ஓர் இழப்பு. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எரிபொருளும் அச்சுத்தாளும் கிடைத்தற்கரியனவாயிருந்தமை யாவரும் அறிவர். அந்நாளில், என் இல்லத்திலிருந்து இரண்டு கட்டைத் தூரத்திலுள்ள அம்மன் கோயில் வீதியில் காத்தவராயன் கூத்து விடியவிடிய ஆடப்பட்டது. சிறுவயதில் எனக்குத் தாளம் போடக் கற்பித்த அண்ணாவியார், தம் முதுமையையும் பாராது அன்றிரவு பாடினார் என்பதை மறுநாட் காலையில் தேநீர்க் கடையிலே கேள்வியுற்றேன். என்னிடம் சைக்கிள் இருந்தது. செல்லும் விருப்பமும் இருந்தது. செய்தி மட்டும் வந்து சேரவில்லை. துண்டுப் பிரசுரம் அச்சிடத் தாள் இல்லை. ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஓட எரிபொருள் இல்லை. அடுத்தமுறை பார்த்துக்கொள்ளலாம் என என்னை நானே தேற்றிக்கொண்டேன். அடுத்தமுறை வருமுன்னரே அண்ணாவியார் காலமானார்.

நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் ‘மயான காண்டம்’ நடிக்கின்றார் எனக் கேட்டால், வண்டி கட்டிக்கொண்டு அயலூர்களுக்குச் சென்ற கதையை என் தந்தையார் பலகாற் சொல்வார். அச்செய்தியைச் சந்தையும் சங்கக் கடையும் கோயில் மடமுமே ஊரூராகக் கொண்டு சென்றன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபின் அவ்வாய்மொழித் தொடர் அறுந்தது. மீண்டு வந்தோர் உளர், மீளாதோர் பலர். இன்று அழைப்பிதழ்கள் முகநூலிலும் வட்சப் குழுக்களிலும் வருகின்றனவே எனச் சிலர் கேட்கக்கூடும். உண்மையே. ஆனால் குழுவினுள் இருப்போருக்கே அவை தெரியும். அவர்கள் ஏற்கெனவே அறிந்தவர்கள். அறியாதவனுக்கு அறிவிப்பதன்றோ அறிவித்தல்?

தொழினுட்பப் பிரிவு மாணவர் நால்வரிடம் இக்குறையைக் கூறினேன். ஒரு மாதத்துள் தளத்தின் முதல் வடிவத்தை ஆக்கித் தந்தனர். நிகழ்ச்சி, ஊர், அரங்கு, நாள், நேரம், கட்டணம் என்பனவற்றை நிரப்பினால் பட்டியலில் ஏறிவிடும். வேலை முடிந்தது என்று எண்ணினோம். ஆனால் அப்போதுதான் தொடங்கிற்று.

அச்சகங்கள் பாமினி எழுத்துருவில் அமைத்த அழைப்பிதழ்களைத் தளத்தில் இட்டபோது, தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றியது. பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி வைத்த எழுத்துரு. ஒருங்குறியிலோ தமிழெழுத்துகளுக்குத் தனியிடம் உண்டு. ஆதலின் ஒவ்வோர் அழைப்பிதழையும் மாற்றியே ஏற்றவேண்டியதாயிற்று. ‘கௌரி’ என்று தேடியவருக்கு ‘கெளரி’ கிடைக்கவில்லை. ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. எழுத்திலக்கணம் பரீட்சைக்கு மட்டும் உரியது என்று எண்ணியிருந்த மாணவர், அன்று என்னை நோக்கிச் சிரித்தனர்.

மற்றொரு பிழை வேடிக்கையானது. நாள் கடந்த நிகழ்ச்சிகளைத் தளம் தானே மறைத்துவிடும்படி மாணவர் அமைத்திருந்தனர். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தொடங்கிய கூத்தை, நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் ‘முடிந்தது’ எனத் தளம் நீக்கிவிட்டது. களரியிலோ காத்தவராயன் இன்னும் வரவே இல்லை! கூத்துக்கு நாள் என்பது விடியலோடு முடிவது என்பதைக் கணினிக்குக் கற்பித்தோம்.

மூன்றாவது பிழையைச் சிரித்துக் கழிக்க இயலவில்லை. 2024ஆம் ஆண்டு ஒரு கோயிலார் ‘ஆனி 15’ என்று எழுதித் தந்ததை மாணவன் ஒருவன் யூன் 15 எனப் பதிந்துவிட்டான். ஆனி 15 வருவது யூன் மாத இறுதியிலே. குறித்த இரவில் இருபது பேரளவில் அக்கோயிலடிக்கு வந்து வெறும் வீதியைக் கண்டனர். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்தில் வந்திறங்கிய முதியவர் ஒருவர், திரும்பிச் செல்லப் பேருந்தின்றி அங்கேயே மடத்தில் தங்கினாராம். பதிந்தவன் பதினேழு வயதுப் பிள்ளை. ஒப்புநோக்காது விட்டவன் தமிழாசிரியனாகிய யான். மறுநாள் அப்பெரியவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். “தம்பி, பிழை வாறது இயல்பு. ஆனால் ஒருக்காப் பொய்யாய்ப் போனால் பிறகு சனம் நம்பாது” என்றார்.

அச்சொல்லே எமக்கு விதியாயிற்று. அன்று முதல், ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு நாள் முன்னர், அதை நடத்துவோருடன் மாணவர் ஒருவர் தொலைபேசியிற் பேசி உறுதிசெய்த பின்னரே அதனருகில் ‘உறுதி’ என்னும் குறியை இடுகின்றோம். தளம் அமைத்தல் ஒரு மாத வேலை. கேட்டறிதல் முடிவில்லா வேலை. நடந்து முடிந்தவற்றையும் நாம் அழிப்பதில்லை. எந்த ஊரில், எந்நாளில், எவர் ஆடினர் என்னும் குறிப்பு நாளை ஒருவருக்கு வேண்டியிருக்கும்.

சென்ற ஆண்டு அவ்வண்ணாவியாரின் மாணாக்கர் அதே அம்மன் கோயில் வீதியில் கூத்தாடினர். அச்செய்தியை எமக்குத் தந்தவன் அவ்வூரிலிருந்து எம் கல்லூரிக்கு வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவன். யான் சைக்கிளிற் சென்று மணலில் அமர்ந்து விடியும்வரை கேட்டேன். ஆசான் பாடிய இடத்தில் அவர்தம் மாணாக்கன் பாடினான். குரல் வேறு, மெட்டு அதுவே.

பழைய மாணவர்களே! உங்களிடம் யான் பொருள் வேண்டி இதனை எழுதவில்லை. ஊருக்கு ஒருவர் வேண்டும். உங்கள் கோயிலடியிலோ வாசிகசாலையிலோ ஒரு நிகழ்ச்சி நடக்குமாயின் அதன் நாளையும் நேரத்தையும் கேட்டு எமக்கு அறிவியுங்கள். கடல் கடந்து வாழ்வோர், பட்டியலைப் பார்த்து, ஊரிலிருக்கும் உறவினர் ஒருவருக்கேனும் “இன்றிரவு கூத்து இருக்கிறது, போய்ப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். அடுத்தமுறை பார்க்கலாம் என்று எவரும் இருந்துவிடாதிருக்க, அவ்வொரு சொல் போதும்.