அரை கிரவுன் ஜன்னல்

துக்க வீட்டுக்குப் போனால் என்ன பேசுவது என்று எனக்கு இன்றும் தெரியாது. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவேன். கடல் தாண்டி இருக்கும் துக்கத்தை எப்படி விசாரிப்பது? அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள ஒரு கண்ணாடி ஜன்னல் இதற்குப் பதில் சொல்கிறது.

பர்மிங்ஹாம் நகரின் 16-வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயம், கறுப்பின மக்களின் ஆலயம். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, கு க்ளக்ஸ் க்ளான் நிறவெறியர்கள் வைத்த குண்டு அங்கே வெடித்தது. நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. வண்ணக்கண்ணாடி ஜன்னல்களில் ஒன்றுதான் சட்டத்தோடு மிஞ்சியது. சிறு குழந்தைகளை இயேசு அழைத்துச் செல்லும் காட்சி அது. அதிலும் இயேசுவின் முகம் மட்டும் சிதறிப் போயிருந்தது.

பிரிட்டனின் வேல்ஸில் இருந்த கண்ணாடி ஓவியர் ஜான் பெட்ஸ் வானொலியில் இந்தச் செய்தியைக் கேட்டார். அவரும் ஒரு தகப்பன். 'நான் ஒரு ஜன்னல் செய்து தருகிறேன்' என்று முன்வந்தார். 'வெஸ்டர்ன் மெயில்' நாளிதழ் நிதி திரட்டியது. அதன் ஆசிரியர் டேவிட் கோல் ஒரு நிபந்தனை போட்டார்: யாரும் அரை கிரவுனுக்கு மேல் தரக் கூடாது. அதாவது, ஒரு பவுண்டில் எட்டில் ஒரு பங்கு. யாரோ ஒரு பணக்காரர் மொத்தத்தையும் கொடுத்துவிட்டால், அது அவருடைய ஜன்னலாகிவிடுமே! குழந்தைகள்கூடத் தங்கள் கைச்செலவுக் காசைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

1965-ல் ஜன்னல் வந்து சேர்ந்தது. அதில் சிலுவையில் அறையப்பட்டவரைப் போலக் கைகளை விரித்து நிற்கும் இயேசு, கறுப்பர். தலை கவிழ்ந்திருக்கிறது. ஒரு கை அநீதியைத் தள்ளுகிறது. மறு கை மன்னிப்பை நீட்டுகிறது. எளியவருக்குச் செய்வதெல்லாம் தனக்கே செய்வது என்று மத்தேயு நற்செய்தியில் இயேசு சொல்வதுதான் இதன் கரு. ஜன்னல், வேல்ஸ் மக்களின் உபயம். தனிப்பட்ட ஒருவரின் உபயம் அல்ல.

எனக்குப் பிடித்தது அந்த நிபந்தனைதான். நிதி கேட்பவர்கள் 'தாராளமாகக் கொடுங்கள்' என்பார்கள். இங்கே கேட்டது, கொஞ்சமாகக் கொடுங்கள், ஆனால் எல்லோரும் கொடுங்கள் என்று. துக்க வீட்டில் வசதி படைத்தவருக்குத் தனி நாற்காலி எதற்கு? எல்லோருக்கும் ஒரே பாய் போதும்.

ஜன்னல் நீதியாகிவிடாது என்பதும் உண்மை. குற்றவாளிகளில் ஒருவருக்கு 1977-ல்தான் தண்டனை கிடைத்தது. மற்ற இருவருக்கு 2001-லும் 2002-லும். நீதி வருவதற்குள் அந்தச் சிறுமிகளைப் பெற்றவர்களுக்கு வயதாகிவிட்டது. அரை கிரவுன்கள் மட்டும் இரண்டே வருடத்தில் போய்ச் சேர்ந்திருந்தன.