கருமாதி வீட்டுக் கட்டியங்காரன்

கூத்து ஜமா ஊருக்குள் வந்து இறங்கியதும் வாத்தியார் பந்தலைப் பார்க்கப் போவார். வேஷக்காரர்கள் தங்களுக்கு ஒதுக்கிய கொட்டகையில் பாயை விரித்துச் சற்றுக் கண் அயர்வார்கள். கட்டியங்காரன் டீக்கடைக்குப் போவார். செய்யாற்றுப் பக்கம் ஒரு கிராமத்தில் அவர் பின்னாலேயே நானும் போனேன். டீ சொல்லிவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: "செத்துப்போன ஆயா எப்படிபா? சண்டைக்காரியா, சாதுவா?"

பெஞ்சு உடனே சிரித்துவிட்டது. "சாதுவா? அது நாலு மணிக்கு எழுந்து வாசல் தெளிச்சா, தெருவே எழுந்துக்கணும். எவனாவது தூங்கினா திட்டும்." இன்னொருவர் பால் சொசைட்டிக் கணக்கைச் சொன்னார். ஐம்பது காசு குறைந்தாலும் விடமாட்டாராம். மூன்றாமவர், "அந்தச் சுருக்குப்பைய அவுக்கறதுக்குள்ள பஸ்ஸே பூடும். அத்தினி முடிச்சு" என்றார். கட்டியங்காரன் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. டீயை முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வீட்ல யாருக்கு எது ஆறாத விஷயம்? சொல்லிடுங்க. அந்தப் பக்கம் போகாம இருக்கணும்." இளைய மகன் சில வருஷங்களாகத் தாயோடு பேசாமல் இருந்ததைச் சொன்னார்கள். தலையை ஆட்டிக்கொண்டு எழுந்தார்.

காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம் பக்கங்களில் பேரன் பேத்தி எடுத்து வாழ்ந்து முடித்தவர் இறந்தால், கருமாதியை ஒட்டி இரவில் கூத்து விடுகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் அது கர்ண மோட்சமாக இருக்கும். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அந்தக் கூத்து பாரதப் போரின் பதினேழாம் நாளைச் சொல்கிறது. கர்ணன் தன்னை மதிக்காத மனைவி பொன்னுருவியிடம் விடைபெறப் போகிறான். களத்தில் விழுந்து கிடக்கையில் கிழப் பிராமணனாக வந்த கிருஷ்ணனுக்குத் தன் புண்ணியம் முழுவதையும் தாரை வார்க்கிறான். அதன் பிறகுதான் குந்தி ஓடிவந்து, ஊரறிய, இவன் என் மகன் என்று மடியில் போட்டு அழுகிறாள். விடியும் நேரத்தில் கர்ணனுக்கு மோட்சம் கிடைக்கும்போது வீட்டில் இறந்தவருக்கும் அது கிடைக்கிறது என்பது நம்பிக்கை. இவ்வளவு துக்கமான கதையில், ஏறக்குறைய எட்டு மணி நேரம், சபையைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருக்கிற பொறுப்பு கட்டியங்காரனுடையது. கதைப்படி அவர் அரண்மனைக் காவல்காரர், தேவைப்பட்டால் தூதர், தோழி, எடுபிடி. தாய் தகப்பனை இழந்து பதினாறு நாள்கூட ஆகாதவர்கள் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சிரிப்புக் காட்டுவது இவருடைய தொழில். அதைப் பார்க்கத்தான் போனேன்.

இரவு 8 மணிக்கு வேஷம் கட்டத் தொடங்கினார்கள். தேங்காய் எண்ணெயில் குழைத்த அரிதாரம், சபேதா வெள்ளை, கண்ணாடித் துண்டுகள் பதித்த மரக் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று கர்ண வேஷக்காரருக்கு நெடுநேரம் பிடித்தது. கட்டியங்காரன் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். முகத்தில் கொஞ்சம் வெள்ளை, ஒரு தொப்பி, கோடு போட்ட சட்டை. "கர்ணன் தேவலோகத்து ஆள் மாதிரி தெரியணும். நான் இந்த ஊர்க்காரன் மாதிரி தெரியணும். இல்லன்னா என் பேச்சு எடுபடாது" என்றார்.

பந்தலில் ஆயாவின் படம் மாலையோடு ஒரு நாற்காலியில் சபையைப் பார்த்தபடி இருந்தது. பக்கத்தில் காமாட்சி விளக்கு. மகன்கள் தோளில் துண்டோடு முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள், பெண்கள் இடப்பக்கம். ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம். கடவுள் வாழ்த்து முடிந்ததும் கட்டியங்காரன் வந்தார். முதல் ஒரு மணி நேரம் அவர் துக்க வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுத்தார், ரேஷன் கடை வரிசையைப் பற்றிப் பேசினார், ராத்திரி கடைசி பஸ் வராத கதையைச் சொன்னார். பின்னால் நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். பிறகு நடு வரிசை சிரித்தது. முன்வரிசை அசையவில்லை. அவரும் அவசரப்படவில்லை. ஊரை முதலில் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பு தானாக நகர்ந்து துக்கக்காரர்களை வந்து சேரும்வரை காத்திருப்பது அவருடைய முறை.

திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் பாடிக்கொண்டு வர, "யாரது, எந்த ஊரு, என்ன சோலி?" என்று கேட்டு ராஜாவை நிறுத்தி வைப்பதிலிருந்து அவர் வேலை சூடுபிடித்தது. ஒரு மணிக்கு மேல் பொன்னுருவி காட்சி. கதவைச் சாத்திக்கொண்ட மனைவிக்கும் வெளியே நிற்கும் கர்ணனுக்கும் இடையே பேச்சைச் சுமந்துகொண்டு கட்டியங்காரன் நடையாய் நடக்கிறார். நாலாவது நடையில் நின்று, கூலி வேண்டும் என்றார். கர்ணன் கொடை வள்ளலாயிற்றே, ஒரு காசை எடுத்து வீசினான். அதை எடுத்து வைக்க இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப்பையை உருவினார்.

முதல் முடிச்சை அவிழ்த்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். இரண்டாவது முடிச்சு. யாரோ நெருங்கி வந்ததைப் போலப் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். மூன்றாவது முடிச்சை அவிழ்க்கும்போது ஒரு பேச்சும் இல்லை, ஆர்மோனியம்கூட நின்றுவிட்டது. அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது: "ஐயோ, எங்கம்மா!" மூத்த மகள். சொல்லும்போதே சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அடுத்து மூத்த மகன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நாலாவது முடிச்சில் பந்தல் முழுவதும் சிரித்தது. கட்டியங்காரன் ஆயாவின் பெயரைச் சொல்லவில்லை, படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காசைப் பையில் போட்டு, அத்தனை முடிச்சையும் மறுபடி போட்டுவிட்டுக் கதைக்குள் போய்விட்டார்.

அங்கே நடந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். இறந்த பத்து நாட்களில் எல்லோரும் அந்த அம்மாவைப் பற்றி ஒரே மாதிரித்தான் பேசியிருப்பார்கள்: தங்கமான மனுஷி, தெய்வம், இனி யார் இருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு வேறு பேச்சு கிடையாது. மகளுக்கு அவர் தெய்வமாக மட்டுமா இருந்தார்? பையை அவிழ்க்க அத்தனை நேரம் எடுத்துக்கொண்டு பஸ்ஸைத் தவறவிட்ட அம்மா அவர். அந்த அம்மாவை அன்றிரவு திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியவர் கட்டியங்காரன் ஒருவர்தான்.

எல்லாத் துணுக்கும் இந்தத் தரத்தில் இருந்தது என்று சொல்லமாட்டேன். தாலியறுத்தவள் என்று ஒரு கேலி நள்ளிரவில் வந்தது. பந்தலில் கணவனை இழந்த பெண்கள் பலர் இருந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, பின்னால் அவரிடம் சொன்னேன். "எங்க வாத்தியார் காலத்து வசனம் தம்பி, வாய்ல வந்துடுது" என்றார். கருப்பு நிறத்தைப் பழிக்கும் வசனங்களும் அப்படி வழிவழியாக வருகின்றன. சுருக்குப்பையைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கலைஞருக்கு இவை தேவையே இல்லை.

அதிகாலை 4 மணிக்குக் குந்தி வந்தாள். பெண் வேஷம் கட்டியவர் ஐம்பது வயதுக்காரர். கர்ணன் தலையை மடியில் வைத்து ஒப்பாரி எடுத்ததும் பெண்கள் எழுந்து வந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மூத்த மகன் தட்டில் பணம் வைத்தார். இளைய மகன் அப்போதுதான் எழுந்தார். படத்துக்கு முன்னால் போய் விழுந்து, வாய்விட்டு அழுதார். கட்டியங்காரன் அந்நேரம் பின்பாட்டுக்காரர்களோடு ஓரமாக நின்று தாளத்தை வாங்கித் தட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்குள்ள சிரிப்பு வரலன்னா நாலு மணிக்கு அழுகை வராது தம்பி. தூங்கிடுவாங்க" என்று பிறகு சொன்னார். துக்கத்தைப் பற்றி நான் கேள்விப்பட்டதிலேயே உருப்படியான பேச்சு இது. சின்ன வயதுச் சாவு, விபத்து, தற்கொலை நடந்த வீட்டுக்கு அழைத்தால் ஜமா போவதில்லை. போயே ஆகவேண்டி வந்தால் அவர் துக்க வீட்டைத் தொடுவதே இல்லை, கதையோடு நின்றுவிடுவார். கல்யாணச் சாவுக்கு மட்டுமே இந்தச் சிரிப்பு.

அவருடைய தகப்பனாரும் கட்டியங்காரன்தான். அவர் இறந்தபோது ஜமாவே கூடிக் கர்ண மோட்சம் ஆடியது. யார் கட்டியங்காரன் என்ற பேச்சு எழுந்ததாம். "எங்க நைனாவுக்கு வேற எவனை ஆடவிடுவேன்? நானே கட்டினேன்." அன்றிரவு அவர் நைனாவின் குறட்டையைச் செய்து காட்டினார், கடன்காரனைக் கண்டால் நைனா வேட்டியால் தலையை மூடிக்கொண்டு நடந்ததைச் செய்து காட்டினார். "சனம் உருண்டு சிரிச்சுது. எனக்கு ஒண்ணுமே தோணல. காலைல வேஷத்தைக் கழுவாம மொட்டைக்குப் போய் உட்கார்ந்துட்டேன். கத்தி வெச்சவர் மூஞ்சிய நிமுத்திப் பார்த்துட்டு, 'அப்படியே உங்க நைனா மாதிரியே கீறயேபா'ன்னார். அப்பதான் அழுதேன்."

இதே வேலையை உலகின் மறுபுறத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு தனியாள் மேடையில் செய்பவர்கள் இருக்கிறார்கள். 2012 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் டிக் நோட்டாரோ, சில மாதங்களுக்கு முன் தாய் இறந்ததையும் தனக்குப் புற்றுநோய் என்று சற்றுமுன்தான் தெரியவந்ததையும் மேடையில் சொல்லிச் சபையைச் சிரிக்கவும் விக்கவும் வைத்தார். லாரி கில்மார்ட்டின் 2014இல் தந்தையின் மரணப் படுக்கைக்குப் பக்கத்திலிருந்தே ட்விட்டரில் நகைச்சுவை எழுதினார், பின்னர் அதிலிருந்து ஒரு முழு நிகழ்ச்சி பிறந்தது. 1947 முதல் நடந்துவரும் எடின்பரோ விழாவில் அப்பா இறந்த கதையைச் சொல்லும் நகைச்சுவையாளர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் சிரிப்பது தங்கள் சொந்த இழப்பை வைத்து, அதைக் கேட்கச் சீட்டு வாங்கி வந்த அந்நியர்கள் முன்னால். செய்யாற்றுக் கட்டியங்காரன் பிறர் இழப்பில், அவர்கள் வீட்டு வாசலிலேயே, பெற்ற பிள்ளைகளின் முன்னால் சிரிப்பை எழுப்புகிறார். ஒரு வார்த்தை பிசகினால் பந்தலிலேயே அடி விழும். இரண்டில் இதுதான் கடினம் என்பேன்.

ஆனாலும் இவரைக் கலைஞர் என்று சொல்ல ஊருக்கு மனம் வருவதில்லை. கூத்தாடி என்று சொல்லி இவருக்குப் பெண் தர மறுத்தவர்கள் உண்டு. மகனைத் தொழிலுக்குக் கொண்டுவரவில்லை, அவன் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், 2002 முதல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்தி, பெண் பிள்ளைகளுக்கும் வேஷம் கட்டக் கற்றுக்கொடுத்தது. புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பெயரை நாடக உலகம் அறியும். அந்த மரியாதை கருமாதிப் பந்தலில் ஆடுகிறவர் வரைக்கும் இறங்கி வரவில்லை. இந்த ஜமாவில் ராஜ வேஷத்துக்கு ஒரு கூலி, கட்டியங்காரனுக்கு அதைவிடக் குறைவு. இரவு முழுக்க மேடையை விட்டு இறங்காதவர் அவர்தான். இப்போது பல வீடுகளில், நேரமில்லை, இரண்டு மணி நேரத்தில் முடித்துக்கொடுங்கள் என்று கேட்கிறார்களாம். அப்படிக் கேட்டால் வாத்தியார் முதலில் வெட்டுவது கட்டியங்காரனைத்தான், ஏனென்றால் அவர் இல்லாமலும் கதை நடக்கும்.

உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் நிறைவாய் வாழ்ந்து போனால், கூத்து விடுங்கள். இரவு முழுவதும் ஆடவிடுங்கள். கர்ணனுக்குப் பேசுகிற கூலியைக் கட்டியங்காரனுக்கும் பேசுங்கள். அவர் டீக்கடையில் வந்து கேட்டால், போனவரைப் பற்றி உள்ளதைச் சொல்லுங்கள்.