நிறுத்திய வண்டியும் கேட்காத காதும்

2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கிய நாள். எங்கள் குழுவின் பழைய வேனை அலுவலக வாசலில் நிறுத்தினோம். "மைனஸ் ஒயரைக் கழட்டி வச்சுடுங்க தோழர், இல்லன்னா பேட்டரி இறங்கிடும்" என்றார் ஓட்டுநர் அண்ணன். ஓடாத வண்டியில் என்ன இறங்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

மே மாதம் ஓர் இரவு, பக்கத்துக் காலனியில் ஒரு அக்காவுக்குப் பிரசவ வலி. சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். இளைஞர்கள் கூடித் தள்ளித்தான் வண்டி கிளம்பியது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்த அரை மணி நேரத் தாமதம் எங்கள் கணக்கு.

பிறகு அண்ணன் விளக்கினார். வண்டி நின்றாலும் கடிகாரமும் ரேடியோவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுக்கும். பேட்டரி தானாகவும் இறங்கும், வெயிலில் இன்னும் வேகமாக. இறங்கியே கிடந்தால் ஈயத் தகட்டில் உப்புப் படிந்து கெட்டியாகிவிடும். அப்புறம் சார்ஜ் முழுதாக ஏறாது. 12 வோல்ட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 காட்டும், 12.4க்குக் கீழே போனால் சார்ஜரில் போட வேண்டும். நின்ற இடத்தில் 5 நிமிடம் எஞ்சினை ஓடவிடுவது போதாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும்.

உழைப்பவரின் அறிவைப் பற்றிப் பக்கம் பக்கமாகத் தேர்வெழுதிப் பட்டம் வாங்கியவர்கள் நாங்கள். அந்த அறிவு எங்கள் வாசலில் நின்று சொன்னபோது கேட்கவில்லை. இப்போது வண்டிப் பராமரிப்பை முடிவு செய்பவர் அண்ணன்தான்; செய்பவர்கள் நாங்கள்.