சுட்டியும் வட்டியும்

கணிதம் என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பயம். 2006ஆம் ஆண்டு சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தபோது நான் பத்தாம் ஆண்டு மாணவி. வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்த காலத்தில் தவறிப்போன பாடங்களில் சுட்டி விதிகளும் ஒன்று. பரீட்சைக்காக அவற்றைப் பாடமாக்கினேன், விளங்கிக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தில் சமூகவியலைத் தெரிவுசெய்ததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம்.

கடந்த ஆண்டு மூதூர்ப் பக்கம் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். யுத்தத்தில் கணவரை இழந்த ஓர் அக்கா, கருவாடு விற்றுப் பிள்ளைகளை வளர்க்கிறார். மகளின் கொப்பியை நீட்டி, "இவளுக்கு இதச் சொல்லிக் குடுங்க மிஸ்" என்றார்.

2³ × 2⁴ = 2¹² என்று பிள்ளை எழுதியிருந்தாள். 2⁰ = 0 என்றும் எழுதியிருந்தாள். இரண்டும் பிழை. இரண்டுகளை வரிசையாக எழுதி எண்ணினோம். முதலில் மூன்று, பின்னர் நான்கு, மொத்தம் ஏழு. சுட்டி என்பது ஓர் எண் எத்தனை தடவை பெருக்கப்பட்டது என்பதைச் சொல்கிறது. ஆகவே பெருக்கும்போது சுட்டிகளைக் கூட்டுகிறோம். விடை 2⁷, அதாவது 128. ஆனால் 2⁰ ஏன் 1 என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்போதுதான் அக்கா தன் கணக்கைச் சொன்னார். நூற்றுக்குப் பத்து மாத வட்டிக்கு 10,000 ரூபா வாங்கியிருக்கிறார். ஆறு மாதம் எதுவும் கட்டவில்லை.

"மாசம் ஆயிரம் படி பதினாறாயிரம்தானே மிஸ்? 17,716 கேக்காங்க. இன்னும் ஆறு மாசம் தவணை தாறாங்களாம். 22,000த்தோட முடிஞ்சிரும்."

வட்டி முதலோடு சேர்ந்து, அதற்கும் வட்டி ஏறுகிறது. ஒவ்வொரு மாதமும் கடன் 1.1 ஆல் பெருகுகிறது. ஆறு மாதத்தில் 1.1⁶. மேலும் ஆறு மாதம் போனால் 6 + 6, அதாவது 1.1¹². கைத்தொலைபேசியில் பெருக்கிப் பார்த்தோம். 31,384 ரூபா! அக்கா நினைத்ததைவிட 9,384 ரூபா அதிகம். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"கடன் வாங்கின அண்டைக்கு எவ்வளவு?" என்று பிள்ளை கேட்டாள். ஒரு மாதமும் கழியவில்லை, சுட்டி பூச்சியம். கடன் அதே 10,000. அதாவது ஒன்றால் பெருக்கியது.

"அப்ப பூச்சியம் சுட்டி ஒண்டுதான் மிஸ்!"

"சைபரா இருந்தா வாங்கின அண்டே கடன் முடிஞ்சிருக்குமே" என்று அக்கா சிரித்தார். பதினைந்து வயதில் எனக்கு விளங்காதது அந்தத் திண்ணையில் விளங்கியது.

2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் தீர்மானித்தது. ஊருக்குள் வாங்கும் வட்டிக் கடனைத் தள்ளுபடி செய்ய யாரும் வரமாட்டார்கள்.

அக்கா மேலதிகத் தவணை வாங்கவில்லை. மாதர் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் எடுத்து அதை அடைத்தார். சங்கக் கடனை இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் அது எப்போது முடியும் என்று அவருக்குத் தெரியும்.

சகோதரிகளே, கையெழுத்து வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "வட்டிக்கும் வட்டி உண்டா?" உண்டு என்றால், வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கொப்பியோடு பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.